அண்ணன் நடந்த பீட்

எங்கள் கிளை அஞ்சலகத்தின் பீட்டில், அதாவது தபால் கொடுக்க நடக்கும் சுற்றில், நான்கு வீடுகளில் வாசலில் நின்று "போஸ்ட்" என்று சத்தமாகக் கூப்பிடக் கூடாது. ஒரு வீட்டில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் மதியம் வந்து படுத்திருப்பார். இன்னொரு வீட்டில் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கும் அம்மா, வாசலில் ஆண் குரல் கேட்டால் மகன் வந்துவிட்டான் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்ப்பார். ஒருமுறை விழுந்தும் விட்டாராம். மூன்றாவது வீட்டில் கைக்குழந்தை. நான்காவது வீட்டில் கட்டிப்போடாத நாய்.

பதினாறு வருடம் அந்த அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்தும் இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் எங்கள் தபால்காரர்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போன ஆனி மாதம் அவர் இறந்த பிறகு, வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஊர், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும் வழியில். எங்கள் வீட்டு முன்னறைதான் போஸ்டாபீஸ். ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, தேதி முத்திரை, ஒரு பெஞ்சு. அண்ணன் காலையில் துணை அஞ்சலகத்துக்குப் போய்ப் பையை எடுத்து வருவார். நான் திறந்து பிரித்துக் கொடுப்பேன். அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். சாயங்காலம் வந்து கணக்கு ஒப்படைப்பார். வேலையைச் சொன்னால் இவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அவருக்கு நாற்பத்தாறு, இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். ஆனாலும் பதவிப்படி நான் அவருக்கு மேலே. அந்தச் சங்கடத்தை அவர் எப்படித் தீர்த்தார் என்பதை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. ஆட்கள் இருக்கும்போது என்னை "மேடம்" என்பார், எழுந்து நின்று பேசுவார். ஆள் இல்லாதபோது, எங்கள் பக்கம் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுவது போல, "மக்களே" என்பார். ஊரில் யாராவது என்னைத் தாண்டி அவரிடம் நேராகப் போய் எதையாவது கேட்டால், பதில் தெரிந்திருந்தும் "மேடத்துட்ட கேளுங்க, அவங்கதான் சொல்லணும்" என்று என் பக்கம் திருப்பிவிடுவார். ஆறே மாதத்தில் ஊர் என்னைப் போஸ்ட் மாஸ்டராக ஏற்றுக்கொண்டது. அது என் திறமை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்த முதல் மாதமே ஒருநாள் கையிருப்பில் 450 ரூபாய் குறைந்தது. குறைந்தால் கையிலிருந்து போட வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் பணம் எடுத்து நீட்டவில்லை. பெஞ்சை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெப்ராளப்படாத மக்களே, மொதல்ல 450-ஐ ஒம்பதால வகுத்துப் பாரு" என்றார். மீதியில்லாமல் வகுபட்டது. குறையும் தொகை ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அன்றைக்கு எழுதிய எண்களில் அப்படி மாறக்கூடியதை மட்டும் தேடு என்றார். பத்து நிமிடத்தில் கிடைத்தது. மாதாமாதம் கட்டும் சேமிப்பான ஆர்.டி.யில் ஒருவர் மூன்று மாதத் தவணை சேர்த்துக் கட்டிய 270 ரூபாயை நான் கணக்கில் 720 என்று எழுதியிருந்தேன். அண்ணன் அன்று பணம் கொடுத்திருந்தால் எனக்கு 450 ரூபாய் மிச்சமாகியிருக்கும். சொல்லிக் கொடுத்ததால் இன்று வரைக்கும் கணக்கு இடறும் ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆர்.டி. விஷயத்தில் அவர் செய்த ஒரு வேலையைக் கிராமத்தில் சேமிப்புப் பணம் வாங்கும் யாரும் பின்பற்றலாம். எங்கள் பக்கம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் பால்வெட்டு நின்றுபோகும். மரத்துக்கு மழைக்காப்பு கட்டிய தோட்டங்களில் கொஞ்சம் நடக்கும், மற்றவர்களுக்குக் கூலி இல்லை. ஆர்.டி. தவணை விடும். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், அது பெரிதில்லை. ஆனால் நான்கு தவணை விட்டால் கணக்கு நின்றுவிடும்; அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் மேலே கட்ட முடியாது. அண்ணன் ஒரு துண்டுத்தாளில் மூன்று தவணை விட்டவர்களின் வீடுகளை மட்டும் குறித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். நான்காவது மாதம் முடியும் முன்பே வீட்டில் ஆள் தனியாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்வார். கடையில் வைத்தோ பஸ் ஸ்டாப்பில் வைத்தோ சொல்ல மாட்டார். "பணமில்லைங்கறத நாலு பேரு முன்னால கேக்க வைக்கக் கூடாது" என்பார். அப்படிக் காப்பாற்றிய கணக்குகளில் எத்தனை பெண்களுக்குக் கம்மலாயிற்று, எத்தனை பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸாயிற்று என்று எனக்கு லெட்ஜரைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் யார் எவ்வளவு கெஞ்சினாலும் பாஸ்புக்கை அவர் கையில் வைத்துக்கொள்ள மாட்டார். "நீங்களே வச்சிருங்க அண்ணே, எங்க வீட்ல அவரு பாத்தா எடுத்துருவாரு" என்று சொல்லும் பெண்கள் உண்டு. தங்கச்சி வீட்டிலோ அம்மா வீட்டிலோ வைக்கச் சொல்வாரே தவிர வாங்க மாட்டார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு, போட்ட தொகையையும் மொத்தத்தையும் முத்திரைத் தேதியையும் விரலால் தொட்டுக் காட்டி வாசித்துச் சொல்வார். நம்பிக்கையானவர்தானே என்று பாஸ்புக்கை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள் என்று நான் இன்று எல்லோரிடமும் சொல்கிறேன். அவ்வளவு நம்பிக்கையான மனிதரே அதை வாங்க மறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்புறம் அண்டி ஆபீஸ் பெண்கள். எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை அப்படித்தான் சொல்வோம். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு அவர்கள் விரலில் ரேகையே தேய்ந்திருக்கும். ஆதார் வைத்துப் பணம் எடுக்க வந்தால் மெஷின் எடுக்காது. நான்கு முறை எடுக்காவிட்டால் ஒரு மாதிரி குன்றிப்போய் நிற்பார்கள், தாங்கள் ஏதோ தப்புச் செய்தது போல. அண்ணன் மெஷினை அப்படியே வைத்துவிட்டு முதலில் தண்ணீர் கேட்பார், குடிக்க அல்ல. கையைக் கழுவச் சொல்லித் துடைக்கச் சொல்வார். கட்டைவிரலை விட்டு மோதிரவிரல், சுண்டுவிரல் என்று கொட்டை உடைப்பதில் அதிகம் படாத விரல்களாகப் பார்த்து வைக்கச் சொல்வார். அழுத்தாமல் மெதுவாக. எடுக்காவிட்டால், "மெசினுக்கு இன்னைக்கு சரியில்ல, நாளைக்குப் பாப்போம்" என்பார். ஒருநாளும் "உங்க விரல் சரியில்ல" என்று அவர் வாயில் வந்ததில்லை. எந்த விரல் எடுத்தது என்று பெயருக்கு நேரே குறித்தும் வைப்பார். எதுவுமே எடுக்காதவர்களை ஆதார் மையத்துக்கு அனுப்பிக் கைரேகையைப் புதுப்பிக்கச் சொல்வார்.

தொண்ணூறு வயதைத் தொட்ட ஒரு பாட்டி அவரைக் கடைசி வரைக்கும் 'அஞ்சலோட்டக்காரன்' என்றுதான் கூப்பிட்டார். திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குத் தனித் தபால் இருந்த காலத்தில் மணி கட்டிய கம்போடு ஓடியவர்களுக்கு அந்தப் பெயர். அந்த 'அஞ்சல்' 1951-ல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்துவிட்டது. பாட்டிக்கு மட்டும் சேரவில்லை. அண்ணனும் அதற்கேற்ப அந்த வீட்டு முற்றத்தில் பைக் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு போவாராம். பாட்டியின் மருமகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் கதறிக்கொண்டிருந்த நேரம். மலைப்பக்கம் எங்களுக்கு ரப்பரும் வாழையும் தரையோடு தரை. கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு முழுக்க மரம். இரண்டு நாள் தபால் பையே வரவில்லை. அண்ணன் மட்டும் வந்தார். முட்டு வரைக்கும் சேறு. "பையே இல்லையே அண்ணே, எங்க போறீங்க?" என்றேன். "கடுதாசி இல்லாட்டா என்ன மக்களே, ஆளு இருக்கே" என்று நடந்தார். எந்த வீட்டில் கூரை போயிற்று, யாருக்குச் சுகர் மாத்திரை தீர்ந்தது, யார் தனியாக இருக்கிறார்கள் என்று சாயங்காலம் வந்து சொல்வார், நான் எழுதுவேன். அந்தத் தாள் ஊராட்சிக்காரர்களுக்கும் நர்ஸம்மாவுக்கும் போயிற்று. தினமும் எல்லா வீட்டு வாசலுக்கும் போகிற ஒரு ஆள் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வாரம் எனக்குப் புரிந்தது.

இனி எழுதக் கஷ்டமான பகுதி.

இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, பையோடு மேட்டில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டதாக ஒரு பையன் வந்து சொன்னான். நான் போய்ப் பார்த்தபோது சட்டை முழுக்க வியர்வை. கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. "கேஸு மக்களே, காலைல மரச்சீனி தின்னேன்" என்றார். நானும் வீட்டிலிருந்து சீரகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். மேடு ஏறும்போது நெஞ்சை அழுத்துவதும், வியர்ப்பதும், உட்கார்ந்தால் விடுவதும் இதயத்தின் எச்சரிக்கை என்று பிறகு டாக்டர் சொன்னார். தாடைக்கோ இடது தோளுக்கோ வலி பரவலாம், வெறும் மூச்சிரைப்பாக மட்டும் கூட வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாம், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் உடனே கொடுக்கும் மாத்திரைகளை 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து 108-ல் மேலே அனுப்புவார்கள். உங்கள் கூட வேலை செய்கிறவர் 'கேஸ்' என்று சொன்னால் நம்பாதீர்கள். சண்டை போட்டாவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை வீட்டிலேயே போய்விட்டார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா எழுப்பும்போது உடம்பு சில்லிட்டிருந்ததாம். அறுபத்திரண்டு வயது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

செய்தி வந்ததும் நான் ஓடினேன். அழுது முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, எனக்குள் ஒரு பயம் வந்தது. முந்தின நாள் கொண்டுபோன பணம், மெஷின், ஒப்படைக்காத ரிஜிஸ்தர் தபால் ஏதாவது இந்த வீட்டில் இருந்தால்? இறந்த வீட்டில் போய் ஆபீஸ் பணம் எங்கே என்று நான் எப்படிக் கேட்பேன்? எழுந்து வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. மெஷின் சார்ஜரோடு. கொடுக்க முடியாத இரண்டு தபால், ஏன் கொடுக்கவில்லை என்ற காரணத்தோடு. பணம் பைசா சுத்தமாக முந்தின சாயங்காலமே வரவாகியிருந்தது. மழை கொட்டிய நாளிலும், மகள் கல்யாணத்துக்கு முந்தின நாளிலும் கூட "நாளைக்குத் தாறேன்" என்று அவர் சொன்னதில்லை. அதை ஒரு கண்டிப்பான பழக்கம் என்று மட்டும் பதினாறு வருடமாக நினைத்திருந்தேன். அன்று பெட்டி முன்னால் நின்றபோதுதான், அந்தப் பழக்கம் அக்காவை என்னிடமிருந்து காப்பாற்றியது என்று தெரிந்தது. சர்ச் மணி அடித்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடியும் வரைக்கும் ஆபீஸ் சம்பந்தமாக அந்த வீட்டில் ஒரு வார்த்தை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து நானும் பொழுதோடு கணக்கு முடிக்காமல் எழுந்திருப்பதில்லை.

அடுத்து காகித வேலைகள். துக்க வீட்டுக்காரர்களை இதற்குத் தனியாக அலைய விடக் கூடாது. கூட வேலை செய்தவர்களில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும், அதுவும் ஒரே ஆள். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் அவர்கள் குழம்பிப்போவார்கள். முதலில் இறப்பைப் பதிய வேண்டும். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. எங்களுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸில் முடிந்தது. ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் இறந்த இடத்தில்தான் பதிவு, சொந்த ஊரில் அல்ல. சான்றிதழில் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் பலருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று. அக்காவுக்குப் பாஸ்புக்கில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே மூன்று வாரம் போயிற்று. இருக்கும்போதே சரிசெய்திருந்தால் அரை நாள் வேலை.

நாமினி விஷயமும் சொல்ல வேண்டும். ஆர்.டி.யிலும் கிராமிய ஆயுள் காப்பீட்டிலும் அக்கா பெயர் இருந்தது. விண்ணப்பப் படிவம், பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், அக்காவின் அடையாள அட்டை, இரண்டு சாட்சிகள் என்று ஆர்.டி. சுலபமாக முடிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த சேமிப்புக் கணக்கில் மட்டும் நாமினி அவருடைய அம்மா. அந்த அம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. ஊருக்கெல்லாம் நாமினி போட்டுக் கொடுத்தவர், கல்யாணத்துக்கு முந்தின அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்து பார்க்கவே இல்லை. நானும் கேட்டதில்லை. நாமினி இல்லாத தபால் கணக்கில் 5 லட்ச ரூபாய் வரைக்கும் கோர்ட்டுக்குப் போகாமல் வாங்க வழி உண்டு; ஆனால் இறந்து ஆறு மாதம் கழிய வேண்டும், வாரிசுகள் எல்லோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அக்காவிடம் அதை விளக்கிச் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை. இப்போது கணக்கு விஷயமாக யார் வந்தாலும் நாமினி யார் என்று கேட்பதோடு விடாமல், அவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேட்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. நாலு பேர் வரைக்கும் நாமினியாகப் போடலாம், ஒருவரோடு நிறுத்த வேண்டியதும் இல்லை.

பதிலுக்கு வந்த பையனுக்கு இருபத்தொரு வயது. நல்ல பிள்ளை. முதல் நாள் நான்கு "போஸ்ட்" கூப்பிடாத வீடுகளிலும் கூப்பிட்டுவிட்டான். அதற்குப் பிறகுதான், சாயங்காலங்களில் நான் அவனைக் கூட்டிக்கொண்டு பீட் முழுக்க நடந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: "அண்ணன் இங்க வந்தா என்ன செய்வாரு?" துக்கம் விசாரிக்க வந்தேன் என்று நினைத்து அழுதார்கள், அப்புறம் சொன்னார்கள். சில வீடுகளில் அவர் இறந்ததே தெரியாது. அதை வாசலில் நின்று சொல்லக் கூடாது என்று இரண்டாவது வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் இருக்கும்போதே ஒரே ஒரு நாள் பின்னால் நடந்திருந்தால் இத்தனை வீடுகளில் கேட்டிருக்க வேண்டாம். உங்கள் ஆபீஸில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே அவரோடு ஒருநாள் போய் வாருங்கள்.

நோட்டில் எல்லா வீட்டுக்கும் ஏதாவது எழுதியாயிற்று. ஒரு வீட்டுக்கு மட்டும் "சனிக்கிழமை" என்று மட்டும் எழுதி விட்டிருந்தேன். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு தாத்தா, முன்னாள் பால்வெட்டுக்காரர், முப்பது வருடமாகச் சுகர். அவருக்குத் தபாலே வராது. அண்ணன் சனிக்கிழமைதோறும் அங்கே போவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், எதற்கென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் போன இரண்டு முறையும் தாத்தா உறங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை சனிக்கிழமையே போனோம். முற்றத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேட்டேன்.

"எனக்கக் காலைப் பாப்பான்" என்றார். "எனக்குக் குனிஞ்சா அடிக்கால் தெரியாது. மரத்தும் போச்சு, முள்ளு குத்தினாலும் தெரியாது. அவன் வந்து ரெண்டு காலையும் தூக்கி, வெரலுக்க இடுக்கையும் பாத்துட்டுத்தான் போவான். இப்ப மூணு சனி ஆச்சு."

பையன் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். வலது காலில் ஒன்றுமில்லை. இடது காலில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு வெடிப்பு, ஓரம் கொஞ்சம் சிவந்திருந்தது. டார்ச் அடித்து இரண்டு பேரும் பார்த்தோம். தாத்தாவுக்கு வலியே இல்லை. உடனே ஆட்டோ வரச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையம் மூடும் முன்பு கூட்டிக்கொண்டு போனோம். கழுவிக் கட்டுப் போட்டார்கள், திங்கட்கிழமை திரும்ப வரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் வைத்து அந்தப் பையன் என்னிடம் நோட்டை வாங்கி, "சனிக்கிழமை" என்று எழுதியிருந்த வரியில் "கால், விரல் இடுக்கு, டார்ச் எடுத்துட்டுப் போகணும்" என்று எழுதினான்.